அபேட்சகரும் ஆஸ்பத்திரியும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதையொட்டித் திருவாரூர் ஜில்லாவில், மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்துத் தர்ம சாஸ்தா கோயிலில் விசேஷ பூஜை நடைபெற்றது. தேர்தலில் நின்ற இரு முக்கிய அபேட்சகர்களுள் ஒருவரான ஸ்ரீமதி கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலன் பிறந்த ஊர் அது. பல தேசத்துப் பத்திரிகை நிருபர்கள் அச்சிற்றூரை நாடி வந்தார்கள். நம் நாட்டுப் பத்திரிகைகளும் அவருடைய குலம், கோத்திரம், தாயார் பிறந்த சென்னை, அவர் விரும்பிச் சாப்பிடும் பலகாரம் ஆகியவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக வர்ணித்தன. ஆனால் அவர் வெற்றி பெற்றால் தம் நாட்டு ஏழை நோயாளிக்கு என்ன செய்வார் என்ற கேள்வி, தமிழ்நாட்டில் அநேகமாக யாருடைய வாயிலும் எழவில்லை. பந்துத்துவத்தைக் கொண்டாடினோம்; கொள்கையை விசாரிக்க மறந்தோம்.

இது வெளிநாட்டு விவகாரந்தானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டில் யார் ஆள வேண்டும் என்பது அந்நாட்டாரின் பொறுப்பு என்பது வாஸ்தவமே. ஆயினும், ஓர் அபேட்சகரை நிறுத்தி வைத்து, "எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கும்படி செய்வீரா? எப்பொழுது செய்வீர்? பணம் யார் கொடுப்பது?" என்று ஜனங்கள் கேட்ட கேள்விகளில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. துளசேந்திரபுரத்திலிருந்து மன்னார்குடி, தஞ்சை வழியாக வந்தால் சில மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய கந்தர்வக்கோட்டை வாக்காளருக்கு அந்தப் பாடம் மிகவும் தேவையானது என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் அமெரிக்காவின் கதையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். 1945-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன், பிரஜைகள் அனைவருக்கும் தேசிய வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று காங்கிரஸ் சபைக்குச் செய்தி அனுப்பினார். 1948-ல் அதை முன்வைத்தே தேர்தலில் நின்று, எல்லோரும் தோற்பார் என்று சொல்லியிருக்க, வெற்றியும் பெற்றார். ஆனால் திட்டம் வெற்றி பெறவில்லை. அமெரிக்க வைத்தியர் சங்கம் உறுப்பினர் ஒருவருக்கு 25 டாலர் வீதம் வசூல் செய்யத் தீர்மானித்து, விளம்பர நிபுணர்களை அமர்த்தி, இது வைத்தியத்தைச் சர்க்காரின் அடிமையாக்கும் முயற்சி என்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி பிரசாரத்தில் தோற்றார். முதியோருக்கு மாத்திரம் பயன்படும் மெடிக்கேர் சட்டம் வர 1965 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் 45 ஆண்டுகள் கழித்து, 2010-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாதோர் தொகை அப்போது நாலரைக் கோடிக்கு மேல் இருந்தது. 2023-ல் அது சுமார் 2 கோடியே 60 லட்சமாகக் குறைந்தது. குறைந்ததே தவிர, மறையவில்லை. தேச வருமானத்தில் நூற்றுக்குச் சுமார் 17 பங்கை வைத்தியத்துக்கே செலவிடும் ஒரு தேசத்தில், உலகத்தின் சிறந்த ஆஸ்பத்திரிகள் பல இருக்கும் தேசத்தில், இரண்டரைக் கோடி ஜனங்கள் காகிதக் காப்புக்கூட இல்லாமல் இருக்கிறார்கள் என்றால், பணமும் சாஸ்திரமும் மட்டும் போதா என்பது விளங்கவில்லையா?

இந்தப் பின்னணியில்தான் ஸ்ரீமதி ஹாரிஸ் விஷயத்தில் எழுந்த விவாதத்தைப் பார்க்க வேண்டும். 2017-ல், செனட் அங்கத்தினராக இருந்தபோது, செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த "அனைவருக்கும் மெடிக்கேர்" மசோதாவை அவர் ஆதரித்துக் கையொப்பமிட்டார். தனியார் இன்ஷூரன்ஸை அகற்றி, சர்க்காரே எல்லோருடைய வைத்தியச் செலவையும் ஏற்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் ஒரு பொதுக்கூட்டத்தில் தனியார் கம்பெனிகளை ஒழிக்கலாம் என்ற கருத்தில் பேசினார். அதே ஆண்டு ஜூனில் நடந்த அபேட்சகர் விவாதத்தில், தனியார் இன்ஷூரன்ஸை ஒழிப்பவர் யார் என்ற கேள்விக்குக் கை தூக்கினார். மறுநாள், கேள்வியைத் தாம் வேறு விதமாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னார். ஜூலையில், 10 வருஷ அவகாசமும் தனியாருக்கு இடமும் வைத்து வேறொரு திட்டத்தை வெளியிட்டார். 2019 டிசம்பரில் போட்டியிலிருந்து விலகினார். 2024-ல் மறுபடி ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்றபொழுது, பழைய மசோதாவைத் தாம் இனி வற்புறுத்தப் போவதில்லை என்று அவர் தரப்பினர் தெரிவித்தனர்.

அபேட்சகர் கருத்தை மாற்றிக் கொள்வதே குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். 2008-ல் ஒபாமா, ஒவ்வொருவரும் இன்ஷூரன்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். பிறகு அந்தக் கட்டாயம் இல்லாமல் திட்டம் நில்லாது என்று கண்டு, தம் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார். அனுபவத்தால் அறிவு விரிவது நல்லதே. 15 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் தாங்கள் வேலை செய்யும் ஸ்தாபனத்தின் மூலம் இன்ஷூரன்ஸ் பெறுகிறவர்கள். கையிலிருப்பதைப் பிடுங்கிக் கொள்வார்களோ என்ற அவர்களுடைய அச்சம் அசட்டை செய்யத்தக்கதன்று. ஆனால் கருத்தை மாற்றியவர், ஏன் மாற்றினேன், எந்தக் கணக்கு தவறாயிற்று, அதற்குப் பதிலாக எதைத் தருவேன் என்று ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர். அந்த விளக்கம் போதிய அளவில் வரவில்லை. அதே சமயத்தில் நியாயத்துக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் செனட் சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றபொழுது, உப ஜனாதிபதி என்ற முறையில் ஸ்ரீமதி ஹாரிஸ் அளித்த வாக்கினாலேயே ஒரு சட்டம் நிறைவேறிற்று. அதன்படி, மெடிக்கேரில் சேர்ந்த நீரிழிவு நோயாளிகள் இன்ஸுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று ஏற்பட்டது. மேடையில் தூக்கிய கையைவிட, சபையில் அளித்த அந்த ஒரு வாக்கு நோயாளிக்கு அதிகம் பயன்பட்டது.

தேர்தலில் அவர் தோற்றார். 2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் செலவை வெட்டியது. ஒரு தலைமுறை போராடிப் பெற்றதை ஒரே சட்டத்தால் குறைத்துவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. வைத்திய வசதி சலுகையாக இருக்கும்வரையில், கொடுத்தவர் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டு ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நமது அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் ராஜ்யங்களின் அதிகாரப் பட்டியலில் இருக்கின்றன. ஆகையால், அமெரிக்க வாக்காளர் ஜனாதிபதி அபேட்சகரிடம் கேட்கும் கேள்வியை, நம் வாக்காளர் சட்டசபை அபேட்சகரிடமே கேட்க வேண்டும். அவர் "இது டில்லியின் வேலை" என்று நழுவினால், அரசியல் சட்டத்தை எடுத்துக் காட்டலாம். வைத்தியத்துக்கு வேண்டிய பணத்தில் மத்திய சர்க்காருக்கும் பங்குண்டு என்பது வேறு விஷயம். பொறுப்பு முதலில் சென்னைக் கோட்டையினுடையது.

1948-ஆம் ஆண்டை நம் ஊழியர்கள் நினைவில் வைக்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனுடன் சேர்ந்து, திருச்சி ஜில்லாவோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம் அமுலுக்கு வந்தது. ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. யுத்தத்தால் நொந்து, உணவுக்கே ரேஷன் வைத்திருந்த காலத்தில் அந்நாடு இதைச் செய்தது. அங்கும் வைத்தியர்களில் பெரும்பான்மையோர் முதலில் எதிர்த்தே வாக்களித்தார்கள். மந்திரி அன்யூரின் பெவன் பேசியும் விட்டுக்கொடுத்தும் உறுதியாக நின்றும் காரியத்தை முடித்தார். டிசம்பர் 10-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தில் வைத்திய வசதியையும் சேர்த்தது. நம் தேசம் இவ்விஷயத்தில் பின்தங்கிய சிந்தனை உடையதாகவும் இருக்கவில்லை. 1946-லேயே, டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அங்கம் வகித்த போர் கமிட்டி, பணம் கொடுக்க இயலாமையால் எவரும் சிகிச்சை இழக்கலாகாது என்ற கோட்பாட்டை அடிப்படையாக வைத்து அறிக்கை கொடுத்தது. கிராமந்தோறும் எட்டக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் அந்த அறிக்கையிலிருந்து வந்ததுதான். அறிக்கைக்கும் அனுஷ்டானத்துக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நாம் இன்னும் கடந்து முடிக்கவில்லை.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் பல ராஜ்யங்களுக்கு வழிகாட்டி என்பதை மறைப்பது நன்றியாகாது. 1939-லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் செய்தது. 1990-களின் நடுவில் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் முறையை ஒழுங்குபடுத்தி, பிற ராஜ்யங்கள் வந்து பார்த்துச் செல்லும்படி செய்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2017-ல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரையில் காப்பு என்று அறிவித்தது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுத்தது. எந்தக் கட்சி செய்தால் என்ன? செய்தவரைப் பாராட்டுவதில் நமக்குச் சங்கடமில்லை.

ஆனால் அட்டை வேறு, ஆஸ்பத்திரி வேறு. காப்பீட்டு அட்டை பெரும்பாலும், படுக்கையில் சேர்த்துச் செய்யும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கே பணம் கொடுக்கிறது. ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதோ பெரிய ஆபரேஷன் மாத்திரமன்று. வாரந்தோறும் வாங்கும் மருந்து, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, பஸ் கட்டணம், போய்வந்த நாளில் இழந்த கூலி, இவையே சிறுகச் சிறுக வீட்டை அரிக்கின்றன. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆதனக்கோட்டை வரையில், சாலையோரத்தில் புகையின் நடுவே முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்த கைக்கும், புகை தின்ற மார்புக்கும், 5 லட்ச ரூபாய்க் காப்பு என்ன செய்யும்? அவளுக்கு வேண்டியது, நடந்து போகும் தூரத்தில், வேலை முடிந்த பிறகும் திறந்திருக்கும் ஒரு நிலையமும், அதில் இருக்கும் ஒரு டாக்டரும், அவர் எழுதிய மருந்து அங்கேயே கிடைப்பதும் ஆகும். தேசிய சுகாதாரக் கணக்குப்படி, 2021-22-ல் இந்தியாவின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39 பங்குக்கு மேல் ஜனங்கள் தங்கள் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார்கள். 2013-14-ல் இது 64 பங்காக இருந்தது. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நோய் கண்டவன் மடியிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு எடுக்கப்படும் நாட்டை, எல்லோருக்கும் வைத்தியம் உள்ள நாடு என்று யார் சொல்வார்?

வைத்தியத்துக்கு முந்தியது தண்ணீர். 2011-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் தனித்தொகுதியாக இருக்கும் இதே கந்தர்வக்கோட்டைத் தொகுதியைச் சேர்ந்தது வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர் குடியிருப்பின் குழந்தைகள் உடல்நலம் குன்றினார்கள். குடிநீரைப் பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்ல, மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்து, தேசம் முழுவதும் தலைகுனிந்தது. குற்றம் யாருடையது என்ற வழக்குக்குள் நாம் இங்கே புகவில்லை; அது நியாயஸ்தலத்தின் வேலை. நாம் சொல்வது இது: சுத்தமான தண்ணீர் உத்தரவாதமில்லாத தெருவுக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் ஆரோக்கியம் தராது. குழந்தைகளைச் சோதித்து, தண்ணீரைச் சந்தேகித்த வைத்தியர்களைப் பாருங்கள். அவர்கள் அருகில் இல்லாதிருந்தால், அந்தத் தொட்டியில் இருந்தது எத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கும்? பொதுச் சுகாதாரம் என்பது ஊர்க் காவல். நோயாளிக்கு மருந்து கொடுப்பது அதில் பாதி. நோயின் ஊற்றைத் தேடிப் போவது மற்றப் பாதி. முதற்பாதிக்கு விலை போட்டு யாரிடமும் வாங்கலாம். இரண்டாவது பாதியைச் சர்க்காரைத் தவிர வேறு யார் செய்வார்?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் சர்க்கார்களின் சுகாதாரச் செலவைத் தேச உற்பத்தியில் நூற்றுக்கு 2.5 பங்காக உயர்த்துவதாக எழுதி வைத்தது. 2021-22-ல் அது 1.84 பங்காகத்தான் இருந்தது. தொற்று நோய் நாட்டை உலுக்கிய பிறகும் இவ்வளவே. அமெரிக்காவைப்போல் 17 பங்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாமே எழுதிக்கொண்ட இரண்டரைப் பங்கைத்தான் கேட்கிறோம். இலவசமாகக் கொடுத்தால் தரம் கெடும் என்று வேறு சிலர் ஆட்சேபிக்கிறார்கள். ஏழைகள் மட்டும் போகும் ஆஸ்பத்திரி கெடுவது உண்மை. குரலுள்ளவர்களும் அதே வரிசையில் நின்றால் கெடுவதற்கு விடமாட்டார்கள். தனியார் வைத்தியர்களின் கூலியைச் சர்க்கார் தாமதமின்றிக் கொடுக்குமா என்பதும் ஒதுக்கத்தக்க சந்தேகமன்று. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டசபை சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேற்றியபொழுது தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆஸ்பத்திரிகளுக்கு விலக்களித்த பிறகே அது ஓய்ந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதுவது ஒரு நாள் வேலை. பணத்துக்கு வழி எழுதாமல் உரிமையை எழுதினால், ட்ரூமனுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரும்.

ஆகவே நம் ஊழியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். தேர்தல் எப்பொழுது வந்தாலும், எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், அபேட்சகரிடம் சில கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். தொகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் எத்தனை டாக்டர் ஸ்தானங்கள் காலியாக இருக்கின்றன? அவை எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும்? இரவில் பிரசவ வேதனையோடு வரும் பெண்ணைத் தஞ்சைக்கோ புதுக்கோட்டைக்கோ அனுப்பாமல் கவனிக்க எந்த நிலையத்தில் வசதி இருக்கும்? தஞ்சை - புதுக்கோட்டைச் சாலையில் விபத்தில் அடிபட்டவனுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சிகிச்சை கிடைக்க என்ன ஏற்பாடு? சர்க்கார் டாக்டர் எழுதும் மருந்து வெளிக் கடையில் வாங்கும்படி நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? ஊர்க் குடிநீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்கள், முடிவை எங்கே எழுதி ஒட்டுவார்கள்? "எல்லாம் செய்வேன்" என்பவரை நம்பாதீர்கள். "இதைச் செய்வேன், இந்த வருஷத்தில் செய்வேன், பணம் இங்கிருந்து வரும்" என்பவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு, சட்டசபையில் அவர் கேட்ட கேள்விகளையும் அளித்த வாக்குகளையும் அந்தக் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். இடையில் கருத்தை மாற்றிக்கொண்டால், காரணத்தைக் கேளுங்கள். காரணம் நியாயமானால் ஏற்றுக்கொள்ளுங்கள். காரணமே சொல்லாவிட்டால் மறவாதீர்கள்.

இதே புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளிடையே இடம் பெற்று, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டசபையின் உப தலைவராகவும் அமர்ந்தார். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை எழுப்பினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சபையையும் சிகிச்சை அறையையும் இரண்டு உலகங்களாக நினைக்கவில்லை. ஒன்றில் செய்யத் தவறியது மற்றதில் மரணமாக வந்து நிற்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

அயல்நாட்டு அபேட்சகரின் வெற்றிக்காகக் கோயிலில் விளக்கேற்றியதில் தவறொன்றுமில்லை. அந்த ஆர்வத்தில் பாதியையாவது, நம் தொகுதியில் நம் வாக்கைக் கேட்டு வருபவரை விசாரிப்பதில் செலுத்துவோம். மாலை போட்ட பின் கேட்கும் கேள்விக்கு மதிப்பில்லை. வாக்கு நம் கையில் இருக்கும்பொழுதே கேட்க வேண்டும்.